வேலியோரக் கீரைக்கு நஞ்சு வைத்த நாம்



இக்கட்டுரை சிலருக்குக் கோபத்தை ஏற்படுத்தக்கூடும். "ஒரு கீரைக்காகவா இத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள், டீச்சர்?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஆம், ஒரு கீரைக்காகத்தான். அந்தக் கீரையின் பெயரால் என் மாணவன் ஒருவனுக்கு ஏற்பட்டிருக்க வேண்டிய ஆபத்துக்காகவும்தான். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நீங்கள் என்னைத் திட்டலாம்.

நடந்தது இதுதான்

நான்காம் ஆண்டு அறிவியல் பாடவேளை. தாவரங்களைப் பற்றிய பாடம். பாடநூலில் இருக்கும் படங்களைக் காட்டி முடித்துவிட்டு, மாணவர்கள் 28 பேரையும் வரிசையாகப் பள்ளியின் பின்வேலிக்கு அழைத்துச் சென்றேன். அங்கே சிமெண்டுத் தரைக்கும் கம்பிவேலிக்கும் இடையில் ஓரடி அகலத்தில் மணல் கிடக்கிறது. அந்த மணலில் சிவந்த தண்டும் தடித்த சிற்றிலைகளுமாக ஒரு செடி தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"புல்லு, டீச்சர்" என்றார்கள். "ரும்புட்" என்றான் ஒருவன். மலாயில் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான். 28 பேரில் ஒருவருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. பாக்கார் ஆராங் வட்டாரத்தின் தாமான்களில் வாழும் இப்பிள்ளைகள் நாள்தோறும் அதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். வாய்க்கால் விளிம்பு, கடைத்தெருக் கல்லிடுக்கு, பேருந்து நிறுத்தத்தின் பின்புறம் என்று அது முளைக்காத இடமில்லை.

புல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னேன். இலையைக் கிள்ளி நீர் கசிவதைக் காட்டினேன். மஞ்சள் நிறத்தில் இருந்த சிறு பூவைக் காட்டினேன். விதைக்கூட்டின் மேல்மூடி ஒரு சிறு செப்பின் மூடியைப் போல் கழன்று விழுவதைப் பார்த்ததும் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். "இதன் பெயர் பருப்புக்கீரை. என் அம்மா பருப்போடு சேர்த்துச் சமைப்பார். வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்" என்றேன். அன்று பாடம் நன்றாக அமைந்தது என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

மறு திங்கட்கிழமை காலை, முதல் மணிக்கு முன்பே அந்த 28 பேரில் ஒருவன் என்னிடம் ஓடிவந்தான். கையில் ஒரு நெகிழிப்பை. பை நிறையக் கீரை. "பாட்டிக்குத் தெரியுமாம், டீச்சர்! பறிச்சிட்டு வரச் சொன்னாங்க. வேலிகிட்டே பறிச்சேன்" என்றான். அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

அவனைப் பாராட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அவ்வழியாக வந்த பாதுகாவலர், "அதைத் தொட வேண்டாம் டீச்சர், சனிக்கிழமைதான் ஆள் வந்து மருந்து அடித்துவிட்டுப் போனார்கள்" என்றார்.

பையைத் தட்டிவிட்டேன். கீரை தரையில் சிதறியது. மாணவன் அழுதான். குழாயடிக்கு இழுத்துச் சென்று அவன் கைகளைச் சோப்புப் போட்டு இருமுறை கழுவினேன். இலையை வாயில் வைத்தாயா என்று கேட்டேன். "இல்லை டீச்சர்" என்றான். அவன் தாயாரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அதிர்ஷ்டவசமாக ஒன்றும் நேரவில்லை.

அந்தக் கீரை பச்சைப்பசேலென்றுதான் இருந்தது. இன்று பரவலாகப் பயன்படும் களைக்கொல்லிகளில் சில, அடித்த உடனே செடியை வாடச் செய்வதில்லை. செடி அதை உறிஞ்சி, வேர்வரை கொண்டுசென்று, சில நாள்கள் கழித்துத்தான் மஞ்சளாகும். ஆகவே சனிக்கிழமை அடித்த மருந்து திங்கட்கிழமை ஒரு சிறுவனின் கண்ணுக்குத் தெரியாது. எச்சரிக்கைப் பலகை இல்லை. ஆசிரியர்களுக்கு அறிவிப்பும் இல்லை. விசாரித்தபோது கிடைத்த பதில்: "அடுத்த வாரம் தூய்மைப் போட்டிக்கு அதிகாரிகள் வருகிறார்கள், டீச்சர். வேலியோரம் காடு மாதிரி கிடந்தால் மதிப்பெண் போய்விடும்."

அந்தக் 'காட்டின்' உயரம் ஒரு சாண்கூட இல்லை.

என் தாயார் தட்டிவிட்ட கீரை

மாணவனின் கையைத் தட்டிவிட்ட அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. என் கையையும் ஒருவர் அப்படித் தட்டிவிட்டிருக்கிறார்.

நான் பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். என் தாயார் அங்கே மருந்தடிக்கும் வேலை செய்தார். முதுகில் பம்பைச் சுமந்து, ஒரு கையால் கைப்பிடியை அழுத்திக்கொண்டு, மறு கையால் குழாயை வீசிக்கொண்டு நிரை நிரையாக நடக்க வேண்டும். முகத்துக்கு ஒரு துண்டு. சில நாள்களில் அதுவும் இல்லை. மாலையில் வீடு திரும்பியதும் எங்களை அருகே வரவிடமாட்டார். குளித்த பிறகுதான் தொடலாம்.

எனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளி விட்டு வரும் வழியில் மர நிரையோரம் பருப்புக்கீரை கொழுத்துக் கிடப்பதைப் பார்த்து ஒரு கட்டுப் பறித்துக்கொண்டு போனேன். அம்மா மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் என் கையில் ஓங்கி அடித்தார். "அது நான் மருந்தடிச்ச இடம்டி, தாயி" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் எந்த நாளில் எந்த நிரைக்கு மருந்தடித்தார் என்ற கணக்கு அவர் மனத்தில் இருந்தது. எங்களுக்குச் சமைக்கும் கீரையை லயத்துக்குப் பின்னால், தன் கண்முன்னே வளரும் இடத்திலிருந்து மட்டுமே பறிப்பார்.

அம்மாவின் கைவிரல் நகங்கள் கறுத்துப் பிளந்திருந்தன. சில நாள்களில் மூக்கிலிருந்து இரத்தம் வரும். அது மருந்தினால்தான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. ஆகவே நானும் அப்படி எழுதப் போவதில்லை. ஆனால் அக்காலத் தோட்டங்களில் பெரிதும் புழங்கிய பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நகங்களைச் சிதைக்கும், மூக்கில் இரத்தக் கசிவை உண்டாக்கும் என்பது மருத்துவ நூல்களில் உள்ளது. வயிற்றுக்குள் சென்றுவிட்டால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. 2002ஆம் ஆண்டில் தெனாகாநீத்தா அமைப்பு தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆய்வு செய்து வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மலேசிய அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் நாள்தான். முதல் அறிவிப்புக்கும் இதற்கும் இடையில் 17 ஆண்டுகள்! அந்த 17 ஆண்டுகளில் எத்தனை தாய்மார்கள் பம்பைச் சுமந்திருப்பார்கள்?

மருந்தடித்த தாய்மார்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளியில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியின் வேலிக்கு நாமே பணம் கொடுத்து ஆள் வைத்து மருந்தடிக்கிறோம். இதில் நம் மனம் சிறிதும் உறுத்தவில்லையா?

'இப்போது அடிப்பது பாராகுவாட் இல்லையே, டீச்சர்' என்பீர்கள். உண்மை. இன்று பெரும்பாலும் பயன்படுவது கிளைபோசேட் போன்றவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்னும் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அக்கருத்தை ஏற்கவில்லை. வல்லுநர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். நான் கேட்பது மிக எளிய கேள்வி. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடிக்கப்படும் மருந்தின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எந்த நாள் அடித்தார்கள் என்பது தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. நான் அதே பள்ளியில் பணிபுரியும் ஆசிரியை.

நாம் கொல்லும் செடி எப்படிப்பட்டது?

'களை' என்று ஒற்றைச் சொல்லில் நாம் தள்ளிவைக்கும் இந்தச் செடியைப் பற்றி ஆசிரியர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதன் அறிவியல் பெயர் போர்ட்டுலாக்கா ஒலரேசியா. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர். சிறு கதவு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். என் மாணவர்கள் ஆரவாரம் செய்த அந்த விதைக்கூட்டு மூடிதான் அக்கதவு. தமிழில் பருப்புக்கீரை என்றும் கோழிக்கீரை என்றும் வழங்கும். மலாய்க்காரர்கள் கெலாங் பாசிர் என்பார்கள். பாசிர் என்றால் மணல். உலாமாகப் பச்சையாகவே உண்பார்கள். சீனர்கள் இலையின் வடிவத்தைப் பார்த்துக் குதிரைப்பல் கீரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மெக்சிகோவிலும் துருக்கியிலும் சந்தையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் தோரோ காட்டுக் குடிலில் தனித்து வாழ்ந்த காலத்தில், தம் வயலில் தானாக முளைத்த இக்கீரையை வேகவைத்து உப்பிட்டு உண்டு நிறைவு கொண்டதை 'வால்டன்' நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்நூல் வெளிவந்தது 1854இல்.

ஓராண்டுச் செடி. தண்டிலும் இலையிலும் நீரைத் தேக்கிக்கொள்ளும். உப்பு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். ஆகவேதான் பந்தாய் மெர்டேக்கா போன்ற கடற்கரை மணலிலும் வாழ்கிறது, நம் பள்ளிச் சிமெண்டு இடுக்கிலும் வாழ்கிறது.

அறிவியல் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒளிச்சேர்க்கையில் தாவரங்கள் வெவ்வேறு உத்திகளைக் கையாள்கின்றன. கரும்பும் சோளமும் கடும் வெயிலிலும் விரைந்து உணவு தயாரிக்கும் ஓர் உத்தியைக் கொண்டவை. அன்னாசியும் கள்ளியும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரிவளியை உள்வாங்கி அமிலமாகச் சேமித்து வைக்கும் மற்றோர் உத்தியைக் கொண்டவை. பருப்புக்கீரை இவ்விரண்டையும் செய்கிறது. நீர் இருக்கும்போது கரும்பின் வழி. வறட்சி வந்தால் அன்னாசியின் வழியையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டும் ஒரே இலையின் ஒரே வகை உயிரணுக்களுக்குள் இணைந்து நடைபெறுகின்றன என்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டார்கள். வறட்சியைத் தாங்கும் பயிர்களை உருவாக்க விரும்பும் அறிவியலாளர்கள் இச்செடியை ஆர்வத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இதை விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மருந்து படாத ஒரு செடியைத் தொட்டியில் வளர்த்து, சில நாள்கள் தண்ணீர் ஊற்றாமல் விட்டு, விடியற்காலையில் ஓர் இலையையும் மாலையில் ஓர் இலையையும் மென்று பார்க்கலாம். இரவு சேர்ந்த அமிலத்தால் காலை இலை கூடுதலாகப் புளிக்கும். என் தாயாருக்கு ஒளிச்சேர்க்கை தெரியாது. ஆனால் "வெள்ளனப் பறிச்சா புளி போட வேண்டாம்" என்பார்.

ஊட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி 100 கிராம் புதிய பருப்புக்கீரை இலையில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை ஒமேகா-3 கொழுப்பு அமிலம் உள்ளது. கீரைகளில் இது அரிது. வைட்டமின் சி ஏறக்குறைய 27 மில்லிகிராம், வைட்டமின் ஈ 12 மில்லிகிராம். பெற்றோர்களே, பிள்ளையின் நினைவாற்றலுக்கென்று மருந்துக் கடையில் மீன் எண்ணெய் மாத்திரை வாங்குகிறீர்கள். கீரையில் இருப்பதும் மீனில் இருப்பதும் ஒரே ஒமேகா-3 இல்லை. கீரையின் வகையிலிருந்து நம் உடல் சிறு பங்கையே மீனின் வகையாக மாற்றிக்கொள்ளும். ஆகவே இக்கீரை மாத்திரைக்கு முழு மாற்று என்று நான் கூற மாட்டேன். ஆனால் காசில்லாமல் காலடியில் முளைக்கும் நல்ல கீரையை நஞ்சூற்றி எரித்துவிட்டு ஊட்டத்தைக் கடையில் தேடுவதை என்னவென்று சொல்வது?

எச்சரிக்கையும் தேவை. இக்கீரையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் வேகவைத்து நீரை வடித்து, தயிரோடோ பருப்போடோ அளவாக உண்ண வேண்டும். தரையில் படரும் வேறு சில செடிகள் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். தண்டை ஒடித்தால் பால் வடிந்தால் அது பருப்புக்கீரை இல்லை. சாலையோரத்திலும் சாக்கடையோரத்திலும் வளர்ந்ததைப் பறிக்கக் கூடாது. இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியவர்கள் நாம்தாம். நான் அன்று இவற்றைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினேன். அது என் பிழை. ஒப்புக்கொள்கிறேன்.

பூந்தொட்டியில் இருக்கும் பங்காளி

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. தூய்மைப் போட்டிக்காக எங்கள் நுழைவாயிலில் புதிதாக வரிசை வரிசையாகப் பூந்தொட்டிகள் வைக்கப்பட்டன. நாற்றுக் கடையில் விலைக்கு வாங்கியவை. சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று அழகழகான பத்து மணிப் பூக்கள். மலாயில் ரோஸ் ஜெப்புன் என்பார்கள்.

பத்து மணிப் பூவும் பருப்புக்கீரையும் ஒரே பேரினம். போர்ட்டுலாக்கா குடும்பத்து அக்காளும் தங்கையும். அவள் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவள். பெரிய பூப் பூப்பாள், ஆகவே அவளுக்குத் தொட்டி, உரம், பெயர்ப்பலகை. இவள் பசியைத் தீர்ப்பாள், பூ சிறிது, ஆகவே இவளுக்கு நஞ்சு. முன்வாசலில் பணம் கொடுத்து வாங்குகிறோம், பின்வேலியில் பணம் கொடுத்துக் கொல்லுகிறோம். இரண்டுக்கும் பணம் ஒரே பெட்டியிலிருந்துதான் போகிறது. அப்பெட்டியில் பெற்றோர்களின் நன்கொடையும் இருக்கிறது.

வந்தேறி என்று சொல்லலாமா?

"இது நம் மண்ணின் செடி இல்லையாமே, எங்கிருந்தோ வந்ததாமே" என்று கூறினார் சக ஆசிரியர் ஒருவர். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் அறையில் அமர்ந்துகொண்டு, எங்கிருந்தோ வந்தது என்பதைக் குற்றமாகச் சொல்கிறோம்!

நம் முன்னோரைக் கப்பலேற்றி வரவழைத்த ரப்பர் மரம் எங்கிருந்து வந்தது? பிரேசிலிலிருந்து 1876இல் விதையாக இலண்டனுக்குப் போய், 1877இல் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. செம்பனை ஆப்பிரிக்காவுக்குரியது. இந்நாட்டில் அது முதன்முதலில் வணிகப் பயிரானது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். இவற்றை யாரும் வந்தேறி என்று சொல்வதில்லை. பருப்புக்கீரையின் பூர்வீகம் எது என்பதில் அறிஞர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. கொலம்பஸ் காலத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவுக்குப் போனது என்று நெடுங்காலம் நம்பினார்கள். கனடாவின் கிராஃபோர்ட் ஏரியின் அடிச் சேற்றில் அதற்கு முந்தைய காலத்து விதைகளும் மகரந்தமும் கிடைத்ததாக 1975இல் ஆய்வு வெளிவந்தபோது அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. வேரூன்றி, பூத்து, விதையிட்டுத் தலைமுறைகளாக வாழ்ந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பார்த்து நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதை நம் சமூகமாவது நிறுத்த வேண்டும்.

கடாரம் தெரியும், காலடி தெரியாது

மேடை கிடைத்தால் நாம் கடாரத்தைப் பற்றிப் பேசுவோம். இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பேசுவோம். பூஜாங் பள்ளத்தாக்கும் சுங்கை பத்துவும் நம் பள்ளியிலிருந்து எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பெருமைப்படுவோம். பேச்சுப் போட்டிக்கு மாணவர்களுக்கு எழுதிக் கொடுப்பதும் அதைத்தான். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கடார மண்ணில் இன்று முளைத்திருக்கும் ஒரு கீரையின் தமிழ்ப்பெயரை நம் பிள்ளைகளில் ஒருவருக்கும் நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெயர் எப்படித் தொலைந்தது? தோட்டம் கலைந்து தாமானுக்கு வந்தபோது பாதி தொலைந்தது. மீதியைப் பள்ளியில் தொலைத்தோம். 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது. நான் பணியில் சேர்ந்த புதிது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழில் பயின்றதை வகுப்பில் ஆங்கிலத்தில் உளறினேன். பிள்ளைகள் செடியின் பாகங்களை ஆங்கிலத்தில் ஒப்புவித்தார்கள். அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது நாம் மொழிக்காக மீண்டும் வாதிட்டோம். அவ்வாதம் நியாயமானது. ஆனால் அறிவியல் தமிழில் வேண்டும் என்று கோரும் நாம், தமிழில் என்னதான் கற்பிக்கிறோம்? பாடநூலில் உள்ள செடிகளை மட்டும்தானே? வேலியோரத்துச் செடிக்கு ஆங்கிலப் பெயரும் தெரியாது, தமிழ்ப்பெயரும் தெரியாது. 'புல்லு' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட்ட பிறகு, மருந்தடிப்பவனைத் தடுக்க யாருக்கு மனம் வரும்? பெயர் தெரியாத உயிருக்காக எவரும் பேசுவதில்லை.

வழக்கமான சாக்குகள்

இவ்விஷயத்தைக் கூட்டத்தில் எழுப்பியபோது எனக்குக் கிடைத்த பதில்களையும் பதிவு செய்கிறேன்.

'செடி இருந்தால் பாம்பு வரும்.' ஒரு சாணுக்குமேல் உயராமல் தரையில் படரும் கீரையில் எந்தப் பாம்பு ஒளிந்துகொள்ளும்? புதர் மண்டினால் வெட்டத்தான் வேண்டும். நான் அதை மறுக்கவில்லை.

'டிங்கி கொசு பெருகும்.' ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். கீரையைப் பொசுக்கிவிட்டு, புதிதாக வாங்கிய பூந்தொட்டிகளின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிட்டிருக்கிறோம். கொசுவுக்கு எது வசதி?

'ஆள் வைத்துப் பிடுங்கினால் செலவு அதிகம்.' முன்பெல்லாம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூட்டுப்பணி வைக்கும். பெற்றோர்கள் மண்வெட்டியோடு வருவார்கள். இன்று நன்கொடைப் பணத்தைக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். பெற்றோர்களே, ஆண்டுக்கு இரண்டு காலைப்பொழுதுகள் உங்களால் தர முடியாதா?

'பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதில் கீரை வேறா?' ஆசிரியர் நண்பர்களே, இச்சாக்கு என்னுடையதும்தான். 2021இல் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு அகற்றப்பட்டுவிட்டது. தேர்வு போன பிறகும் அதன் அச்சத்தை நாம் சுமந்துகொண்டே திரிகிறோம். வேலியோரத்தில் செலவிட்ட அந்த முப்பது நிமிடங்களைப் பற்றி என் மாணவர்கள் வீட்டில் பேசியிருக்கிறார்கள். ஒரு பாட்டி தன் பேரனைக் கீரை பறித்துவரச் சொல்லியிருக்கிறார். நான் நடத்திய எந்தப் பயிற்சித்தாளும் அந்தப் பாட்டியை எட்டியதில்லை.

நான் கேட்பவை

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

1. பள்ளி வளாகத்தில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்த வேண்டும். வெட்டலாம், பிடுங்கலாம். முடியவே முடியாது என்றால் நீண்ட விடுமுறையில் மட்டும் அடிக்க வேண்டும். மருந்தின் பெயரையும் அடித்த நாளையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

2. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு பெற்றோராவது எழுந்து, "எங்கள் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் என்ன மருந்து அடிக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். தலைமையாசிரியரைக் குறைகூறும் தொனியில் கேட்க வேண்டாம். அவரும் அதிகாரிகளின் மதிப்பெண்ணுக்கு அஞ்சுபவர்தாம்.

3. வேலியோரத்தில் இரண்டு மீட்டர் இடத்தை மருந்து படாமல் விட்டுவையுங்கள். தானாக முளைப்பவை முளைக்கட்டும். ஒவ்வொரு செடிக்கும் தமிழிலும் மலாயிலும் பெயர் எழுதிச் செருகுங்கள். சீனப் பெயரை அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள், பிள்ளைகள் மகிழ்ச்சியோடு ஓடுவார்கள்.

4. ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு செடியின் பெயரையும் பயனையும் கேட்டு எழுதி வரட்டும். தோட்டத்தில் வாழ்ந்த அத்தலைமுறை நம்மிடம் இன்னும் நெடுங்காலம் இருக்கப்போவதில்லை.

5. தூய்மைப் போட்டிக்கு மதிப்பெண் இடும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியின் அழகை அளக்கும்போது, அங்குள்ள மண்ணில் ஒரு பிள்ளை துணிந்து கை வைக்க முடியுமா என்பதையும் அளவுகோலாக வையுங்கள்.

நிறைவாக...

அந்த வேலியோரம் இப்போது வெறும் மணல். போட்டியில் எங்களுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. சட்டமிட்ட சான்றிதழ் அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

கீரைக்காக நான் அதிகம் கவலைப்படவில்லை. நன்கு வளர்ந்த ஒரு செடி இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான விதைகளை உதிர்க்கக்கூடியது. பிடுங்கிப் போட்ட தண்டும் ஈரம் பட்டால் மறுபடி வேர்விடும். 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்னும் தாவரவியலாளர் பலவகைக் களைச்செடிகளின் விதைகளைப் புட்டிகளில் இட்டு மண்ணில் புதைத்து வைத்தார். 40 ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்தபோதும் முளைத்தவற்றில் பருப்புக்கீரையும் ஒன்று. பாக்கார் ஆராங் என்ற பெயருக்குக் கரி எரிப்பது என்று பொருள். எத்தனை முறை எரித்தாலும் அடுத்த மழைக்கு அது வேலியோரத்தில் தலைகாட்டத்தான் போகிறது.

என் கவலை அந்த மாணவனைப் பற்றியது. கை கழுவி அழுகை ஓய்ந்த பிறகு அவன் என்னிடம் கேட்டான்: "நீங்கதானே டீச்சர் கீரைன்னு சொன்னீங்க?" அதன் பிறகு நான் எத்தனை முறை வெளியே அழைத்தாலும் அவன் எதையும் தொடுவதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். என் தாயார் என் கையைத் தட்டிவிட்டபோது அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. தோட்டமும் மருந்தும் அவருடையவை அல்ல. பள்ளி நம்முடையது. மருந்துக்குப் பணம் கொடுத்தவர்களும் நாம்.

கடந்த வாரம் வீட்டிலிருந்து ஒரு தொட்டி கொண்டுபோய் வகுப்பறைச் சன்னலில் வைத்தேன். அதில் இருப்பது என் தாயாரின் வீட்டுக் கொல்லையிலிருந்து எடுத்துவந்த பருப்புக்கீரை. 'இதில் மருந்து அடிக்கவில்லை' என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். அவன் இன்னும் தொடவில்லை. நேற்றுக் காலை மற்றவர்கள் வருவதற்குமுன் தொட்டியருகே நின்று அட்டையை வாசித்துக்கொண்டிருந்தான்.

உங்கள் ஊரில் இக்கீரைக்கு வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள். அவனுக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
பாக்கார் ஆராங்கிலிருந்து ஓர் ஆசிரியை
சுங்கைப்பட்டாணி, கெடா